மொட்டைமாடியில் ஹைட்ரோபோனிக்ஸ்: எந்த முறை, யாருக்கு, எப்படி

மண் இல்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது வெள்ளைக் குழாய்களில் வரிசையாக நிற்கும் லெட்யூஸ் செடிகள்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் குழாய் செட் வாங்கப் போகிறார்கள். சித்திரை மாதத்து மதியத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் தண்ணீர் தேங்காத குழாயில் உள்ள செடி அத்தனையும் தலை தொங்கிவிடும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை. ஆகவே எந்த முறை என்று முடிவெடுக்கும் முன், உங்கள் வீட்டுக் கரண்ட், மாடி வெயில், தொட்டித் தண்ணீர் மூன்றையும் பாருங்கள். செலவு, இடம், அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

வேருக்குத் தண்ணீர், சத்து, காற்று மூன்றும் வேண்டும். தண்ணீரையும் சத்தையும் எல்லா முறைகளும் ஒரே கரைசலில் கலந்து கொடுத்துவிடுகின்றன. காற்றை வேருக்கு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த முறையில் எது எப்போது கெடும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 20 டிகிரியில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. சூடு ஏற ஏற வேரின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. வேரழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிருக்கும் வெதுவெதுப்பான, காற்றில்லாத தண்ணீர் என்றால் கொண்டாட்டம். மாடியில் வரும் தோல்விகளில் பெரும்பகுதி சத்துக் குறைவால் வருவதில்லை, தண்ணீர்ச் சூட்டால் வருகிறது.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

இரண்டு கருவிகள் இல்லாமல் தொடங்க வேண்டாம்: ஒரு ஈ.சி. மீட்டர், ஒரு பி.எச். மீட்டர். ஈ.சி. என்பது கரைசலில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு, மில்லிசீமென்ஸ் கணக்கில் வரும். பி.எச். கரைசலின் அமில, காரத் தன்மையைச் சொல்லும். கடையில் டி.டி.எஸ். மீட்டர்தான் கிடைத்தது என்றால் அது எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று பாருங்கள். ஈ.சி. 1.0 என்பதை ஒரு மீட்டர் 500 பி.பி.எம். என்றும் இன்னொன்று 700 பி.பி.எம். என்றும் காட்டும். இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு கரைசல் கலப்பது இப்படித்தான். ஈ.சி.யிலேயே பேசுவது நல்லது. பி.எச். மீட்டரை மாதம் ஒருமுறையாவது பி.எச். அளவு தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். முனையை உலர விட்டால் மீட்டர் போச்சு.

வீட்டுத் தண்ணீரின் ஈ.சி. 0.5-க்குள் இருந்தால் யோசிக்காமல் பயன்படுத்தலாம். 0.8 வரை சமாளிக்கலாம். 1.0-ஐத் தாண்டிய போர் தண்ணீரில் ஏற்கெனவே சோடியமும் பைகார்பனேட்டும் நிரம்பியிருக்கும். செடி சோடியத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிப்பதால், வாரம் செல்லச் செல்ல உப்பு ஏறிக்கொண்டே போகும். பைகார்பனேட் பி.எச்.சைத் தினமும் மேலே தள்ளும். அப்படிப்பட்ட வீடுகளில் மழைநீரைப் பிடித்து வையுங்கள், அல்லது ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் கருதி இதற்கு எடுக்கக் கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

சத்துக் கரைசல்

உரக்கடைக்குப் போய் "தண்ணியில கரையிற உரம்" என்று கேட்டால் 19:19:19 எடுத்துக் கொடுப்பார்கள். மண்ணுக்கு நல்ல உரம், இதற்கு ஆகாது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை அமோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும், வெறும் தண்ணீர்த் தொட்டியில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அதோடு அதில் கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது.

நான்கு உரங்களைத் தனித்தனியாக வாங்கிக் கலந்துகொள்ளலாம். சொட்டுநீர்ப் பாசனக்காரர்களுக்கு விற்கும் தரமே போதும். 100 லிட்டர் கரைசலுக்குக் கீரை, லெட்யூஸ் வகைகளுக்கான அளவு:

கால்சியம் நைட்ரேட் – 70 கிராம்
பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) – 40 கிராம்
மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) – 17 கிராம்
மெக்னீசியம் சல்பேட் – 40 கிராம்
இரும்பு டி.டி.பி.ஏ. (11 சதவீதம்) – 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாக

சுத்தமான தண்ணீரில் இது ஏறக்குறைய ஈ.சி. 1.5 காட்டும். போரான், மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் ஆகிய நுண்சத்துகளுக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று எழுதி விற்கும் கலவையை வாங்கி, அதில் சொன்ன அளவில் போடுங்கள். இலைவழித் தெளிப்புக்கான நுண்சத்துப் பொடி வேண்டாம். நம் மண்ணில் துத்தநாகக் குறை அதிகம் என்பதால் அந்தப் பொடிகளில் துத்தநாகம் தூக்கலாக இருக்கும். ஒருநாள் இலையில் தெளிப்பதற்குச் சரி, வேர் மாதக்கணக்கில் அதிலேயே ஊறுவதற்குச் சரியில்லை.

ஒவ்வொரு தடவையும் எடை போட முடியாது என்பவர்கள் இரண்டு பாட்டில் அடர்கரைசல் தயாரிக்கலாம். 'ஏ' பாட்டில்: மேலே 100 லிட்டருக்குச் சொன்ன அளவில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், கரைத்து ஒரு லிட்டராக்கியது. 'பி' பாட்டில்: மற்ற எல்லாம், அதுவும் ஒரு லிட்டர். பயன்படுத்தும்போது லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி. இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. 'ஏ'யிலுள்ள கால்சியம், 'பி'யிலுள்ள பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும், அப்படிப் படிந்தது மறுபடி கரையாது. தொட்டித் தண்ணீரில் 'ஏ'யை ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகு 'பி'.

கடைசியில் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் வர வேண்டும். குறைக்கப் பாஸ்பாரிக் அமிலம்: ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 5 மில்லி ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் இன்னொரு 5 மில்லி. எலுமிச்சையும் சிட்ரிக் அமிலமும் அன்றைக்குக் குறைக்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் இரண்டு மூன்று நாளில் பி.எச். பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

கிராட்கி: கரண்டே வேண்டாம்

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. புதிதாக வருகிற யாரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கரைசலைப் பற்றியும் வேரைப் பற்றியும் ஒரு பக்கெட் கற்றுக்கொடுப்பதை எந்தக் குழாய் செட்டும் கற்றுக்கொடுக்காது.

சூட்சுமம் இவ்வளவுதான்: செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் மட்டம் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிற்கிறது. அங்கே தொங்கும் வேர்கள் பஞ்சு மாதிரி வெள்ளை மயிரிழைகளை விட்டுக் காற்றை எடுத்துக்கொள்கின்றன. அடியில் இருக்கும் வேர்கள் தண்ணீரை எடுக்கின்றன.

1. மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட் ஒன்று எடுங்கள். பெயின்ட் பக்கெட் என்றால் வாடை போகும்வரை கழுவ வேண்டும். லெட்யூஸ், பாலக் செடி ஒன்றுக்கு நம் வெயிலில் 5 முதல் 6 லிட்டர் கரைசல் தேவை, அதனால் ஒரு பக்கெட்டுக்கு மூன்று செடி.

2. இரண்டு இஞ்ச் நெட் கப்பின் (வேர் வெளியே வர இடைவெளிகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் கப்) விளிம்புக்குக் கீழே அகலத்தை அளந்து, விளிம்பு மூடியில் உட்காரும் அளவுக்கு ஹோல் சா கொண்டு ஓட்டை போடுங்கள். விளிம்பைவிடச் சில மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால்தான் கப் உள்ளே விழாது.

3. பக்கெட்டுக்கு வெளியே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தள்ளும். வெளிச்சம் புகுந்தால் ஒரே வாரத்தில் பாசி பிடிக்கும்.

4. நெட் கப்பின் அடி ஒரு சென்டிமீட்டர் நனையும்வரை கரைசலை நிரப்பி, நாற்றை வையுங்கள்.

5. பிறகு கை வைக்காதீர்கள். மட்டம் குறைகிறதே என்று திரும்ப விளிம்புவரை நிரப்புவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. காற்றுக்குப் பழகிய வேர்களை நீங்களே மூழ்கடிக்கிறீர்கள், இரண்டே நாளில் செடி வாடும். அடியில் கால்பங்குதான் மிச்சம் என்றால் மட்டும், பாதி அடர்த்தியில் கலந்த கரைசலை ஊற்றி, பாதி பக்கெட்டுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள்.

இதில் கவனிக்க இன்னும் இரண்டு. ஒன்று கொசு. அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், காலி ஓட்டைகளை அடைக்க வேண்டும், நெட் கப்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் நைலான் வலை சுற்ற வேண்டும். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பாருங்கள். புழு தெரிந்தால் கரைசலை வடிகட்டிவிட்டு வலையைச் சரிசெய்யுங்கள். இரண்டு மழை. ஐப்பசி, கார்த்திகை மழை நெட் கப் வழியாக இறங்கி மட்டத்தை ஏற்றிவிடும், சத்தையும் நீர்க்கச் செய்யும். மேலே பாலித்தீன் கூரை இல்லாமல் மழைக்காலத்தில் கிராட்கி வைக்க வேண்டாம்.

பாலக், புதினா, துளசி, பாக்சாய், வள்ளைக்கீரை எல்லாம் இதில் நன்றாக வரும். வள்ளைக்கீரை இயல்பிலேயே நீர்த்தாவரம் என்பதால் கோடையில்கூட ஏமாற்றாது. தக்காளியை இதில் வைக்காதீர்கள். காய்க்கும் பருவத்தில் ஒரு செடியே தினமும் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்துவிடும்.

காற்று ஊதும் தொட்டி

டி.டபிள்யூ.சி. (டீப் வாட்டர் கல்ச்சர்) என்று சொல்லப்படுவது இதுதான். கிராட்கியில் மட்டம் இறங்கி வேருக்குக் காற்று கிடைக்கிறது, இங்கே மீன்தொட்டிப் பம்ப் தண்ணீருக்குள் காற்றை ஊதுகிறது. மட்டத்தை நிலையாக வைக்கலாம் என்பதால் வளர்ச்சி வேகம் கூடும்.

20 லிட்டர் தொட்டிக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் காற்று தரும் பம்ப், காற்றைச் சின்னக் குமிழ்களாக்கும் ஒரு ஏர் ஸ்டோன், நாலு மில்லிமீட்டர் டியூப். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், அல்லது டியூபில் ஒருபக்கம் மட்டும் போகவிடும் செக் வால்வு ஒன்று போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போன நொடியில் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பிப் பம்புக்குள் போய்விடும். இன்னொன்று: பம்பை வெயிலில் வைத்தால் 40 டிகிரிக் காற்றைத்தான் தொட்டிக்குள் ஊதிக்கொண்டிருக்கும். காற்று கொடுக்கிறோம் என்று நினைத்துச் சுடுதண்ணீர் போடாதீர்கள். நிழலில், சுவரோரம் வையுங்கள். ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். டைமர் போட்டு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை, நாலைந்து வாட்தான்.

இதற்கு நல்ல தொட்டி, மீன் ஐஸ் பெட்டியாக வரும் தெர்மாகோல் பெட்டி. 40, 50 லிட்டர் பிடிக்கும், மூடியில் கத்தியாலேயே ஓட்டை போடலாம், முக்கியமாக வெயில் உள்ளே இறங்காது. உட்புறம் கறுப்புப் பாலித்தீன் ஷீட் விரித்தால் ஒழுகாது. கடும் கோடையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மதியம் உள்ளே போட்டால், 40 லிட்டர் கரைசலின் சூடு இரண்டரை டிகிரி அளவுக்கு இறங்கும். பாட்டிலை மூடியோடு போடுங்கள், கரைசல் நீர்த்துவிடக் கூடாது.

கரண்ட் போனால் தொட்டியில் கரைந்துள்ள ஆக்சிஜன் சில மணி நேரம் தாங்கும். செடி பெரியதாகவும் தண்ணீர் சூடாகவும் இருந்தால் அந்த நேரம் சுருங்கும். அரை மணி நேர வெட்டுக்குப் பயப்படத் தேவையில்லை.

என்.எஃப்.டி.: அழகானது, அவசரக்காரருக்கு ஆகாதது

என்.எஃப்.டி. என்பது நியூட்ரியன்ட் ஃபிலிம் டெக்னிக். இங்கிலாந்தில் லிட்டில்ஹாம்ப்டன் ஊரில் இருந்த கண்ணாடிக்கூடப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கூப்பர் உருவாக்கியது. சாய்வான வாய்க்காலில் கரைசல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய படலமாக ஓடும். வேரின் அடிப்பக்கம் நனைந்திருக்கும், மேல்பக்கம் காற்றில் இருக்கும். குளிர்நாட்டுக் கண்ணாடிக்கூடத்தில் பிறந்த முறை என்பதை மறக்கக் கூடாது.

தட்டையான அடிப்பகுதி கொண்ட சேனல் வேண்டும். மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சாய்வு. நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வேர் அழுகும், ஆகவே ஒரு மீட்டருக்கு ஒரு தாங்கி கொடுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்: 3 மீட்டர் சேனல் ஆறு, 20 சென்டிமீட்டருக்கு ஒரு செடி, மொத்தம் 90 செடி. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஆறு சேனலுக்கு மணிக்கு 540 லிட்டர். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருவது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது பாதிகூட வராமல் போகலாம். எனவே 1200 முதல் 1500 லிட்டர் என்று எழுதிய, அதிகபட்சம் 2 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடிய சப்மெர்சிபிள் மோட்டார் வாங்குங்கள். செடிக்கு 2 லிட்டர் கணக்கில் 200 லிட்டர் தொட்டி, நிழலில். சின்னத் தொட்டி வைத்தால் கரைசல் மதியத்துக்குள் சுட்டுவிடும், ஈ.சி.யும் ஒரே நாளில் தாறுமாறாக ஏறும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஓடும் படலம் நின்றால் சேனலில் மிச்சம் எதுவும் இல்லை. கோடை மதியத்தில் அரை மணி நேரத்தில் இலை வாடத் தொடங்கும், இன்னும் சற்று நீண்டால் வேர்நுனி காய்ந்துவிடும். மோட்டாரை இன்வெர்ட்டரில் போடாமல் என்.எஃப்.டி. வைக்காதீர்கள். 20, 30 வாட் மோட்டார்தான், இன்வெர்ட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சேனலுக்குள் போகும் சின்ன டியூபில் ஒரு குப்பை அடைத்தாலும் அந்த வரிசை முழுவதும் போகும், ஆகவே ஒரு சேனலுக்கு இரண்டு டியூப் விடுங்கள், மோட்டாரைப் பழைய நைலான் துணிப் பையில் போட்டு இறக்குங்கள்.

நம் ஊரில் என்.எஃப்.டி. என்று விற்கப்படும் நாலு இஞ்ச் வட்ட பி.வி.சி. குழாய் செட்டுகளில் பல, உண்மையில் என்.எஃப்.டி. இல்லை. வட்டக் குழாயின் கடைசி மூடியில் வெளியேறும் ஓட்டையை அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே வைத்திருப்பார்கள், அந்த அளவு தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். பெயர் தப்பாக இருந்தாலும் ஏற்பாடு நல்லது. கரண்ட் போனால் தேங்கிய தண்ணீர் செடியைக் காப்பாற்றும். குழாய்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் இந்த வகையை வாங்குங்கள். இதைச் சாய்க்காமல் மட்டமாக வைக்க வேண்டும். வெள்ளைக் குழாயாக இருக்க வேண்டும். புதினாவையும் தக்காளியையும் இதில் போட்டால் வேர் பாய்போல் பின்னிக் குழாயை அடைத்து, மேல் ஓட்டை வழியாகத் தண்ணீர் மாடியில் வழியும்.

சொட்டுநீர் பக்கெட்

தக்காளி, கத்தரி, மிளகாய், வெள்ளரி, குடமிளகாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதற்கே நேராக வரலாம். 12 லிட்டர் பக்கெட்டில் கோகோபீட்டும் (தேங்காய் நார்க்கழிவு) பெர்லைட்டும் (பொரித்த, எடை குறைந்த எரிமலைக் கல் மணிகள்) ஏழுக்கு மூன்று விகிதத்தில் நிரப்பி, டைமர் வைத்துச் சொட்டுநீர் கொடுப்பது. கோகோபீட்டின் சின்ன இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், பெரிய இடைவெளிகள் காற்றை. அதனால் கரண்ட் அரை நாள் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் மாடிகளுக்கு மிகவும் பொருந்துகிற முறை இதுவே, ஆனால் படத்தில் அழகாக இருக்காது.

கோகோபீட் பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். மலிவு என்று அப்படியே போட்டால் செடி கருகும். தேங்காய் நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். அவை கரைசலுக்கு வந்து, பதிலுக்குக் கால்சியத்தை நார் பிடித்துக்கொள்ளும். தக்காளிக்குக் கால்சியம் கிடைக்காமல் காயின் அடி கறுத்து அழுகும். 5 கிலோ கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிவிட்டு, 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒருநாள் ஊறவிடுங்கள். மறுபடி அலசி, வடியும் தண்ணீரின் ஈ.சி. உங்கள் வீட்டுத் தண்ணீரின் ஈ.சி.யோடு ஒட்டி வந்ததும் நிறுத்துங்கள்.

பக்கெட்டின் அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் வடிகால் ஓட்டை. செடிக்கு மணிக்கு 2 லிட்டர் சொட்டும் டிரிப்பர் இரண்டு, ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும். நட்ட புதிதில் நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிடம். காய்க்கும் செடிக்குக் கோடையில் ஏழெட்டு தடவை வரை போகும். எண்ணிக்கையைவிட வடிகாலைப் பாருங்கள்: கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு வடிந்தால் சரி. வடியும் தண்ணீரின் ஈ.சி. கொடுத்ததைவிட 0.5-க்கு மேல் கூடுதல் என்றால் உள்ளே உப்பு சேர்கிறது என்று அர்த்தம், ஒரு நாள் வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். பூ எடுத்ததும் 100 லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட்டை 80, பொட்டாசியம் நைட்ரேட்டை 60 கிராமாக ஏற்றுங்கள், ஈ.சி. 2-ஐ ஒட்டி வரும். தக்காளிப் பூவை மதியத்துக்கு முன் விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் காய்பிடிப்பு கூடும், மாடியில் காற்றில்லாத மூலையில் இருந்தால் கட்டாயம்.

மற்றவை

திரியில் ஏறும் முறை: கீழே கரைசல், மேலே கோகோபீட் தொட்டி, நடுவில் நைலான் திரி. புதினா, துளசிக்குப் போதும். தாகம் அதிகமுள்ள செடிக்குத் திரி ஈடுகொடுக்காது. மேற்பரப்பில் உப்பு பூக்கும், மாதம் ஒருமுறை மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நிரப்பி வடிக்கும் முறையில் கூழாங்கல் அல்லது சுட்ட களிமண் உருண்டை நிரப்பிய தட்டை டைமர் மோட்டார் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பத்துப் பதினைந்து நிமிடம் நிரப்பும், மோட்டார் நின்றதும் தண்ணீர் வடியும்போது புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். நல்ல முறை. ஆனால் வழிந்தோடும் குழாய் உள்வரும் குழாயைவிடப் பெரியதாக இல்லையென்றால் ஒருநாள் தொட்டி முழுவதும் மாடியில் ஓடும்.

ஏரோபோனிக்ஸில் வேர் காற்றில் தொங்கும், அதன்மேல் கரைசல் பனியாகத் தெளிக்கப்படும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நோயற்ற விதைக்கிழங்கு உற்பத்திக்கு இதைக் கையாள்கிறது. வீட்டில் நாசில் அடைப்பும் கரண்டும் படுத்தும். முதல் இரண்டு வருடம் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

நாற்றும் நிழலும்

எந்த முறையானாலும் நாற்று ஒரே மாதிரிதான். புரோட்ரேயில் (குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) அலசிய கோகோபீட் நிரப்பி, குழிக்கு ஒன்றிரண்டு விதை. லெட்யூஸ் விதை 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் தூங்கிவிடும், முளைக்காது. விதை கெட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். ஈரமான டிஷ்யூவில் மடித்து ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்துவிட்டு, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் விதையுங்கள். முதல் உண்மை இலை வந்ததும் ஈ.சி. 0.6 அளவுக்கு நீர்த்த கரைசல். மூன்று நாலு இலையில், வேர் குழிக்கு அடியில் எட்டிப் பார்க்கும்போது மாற்றுங்கள். நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவ வேண்டாம், கோகோபீட் கட்டியோடு நெட் கப்பில் வைத்துச் சுற்றிக் களிமண் உருண்டை போடுங்கள்.

கீரைகளுக்கு 50 சதவீத நிழல்வலை, காய்கறிகளுக்கு 35. லெட்யூஸை மாடியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் வையுங்கள். பங்குனியில் அது தண்டு நீண்டு பூத்துக் கசந்துவிடும். மற்ற மாதங்களுக்குப் பாலக், வள்ளைக்கீரை, துளசி இருக்கின்றன.

அன்றாடம் பார்க்க வேண்டியது

காலையில் ஈ.சி.யையும் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் பொருள் இல்லை. மட்டம் இறங்கி ஈ.சி. ஏறியிருந்தால் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது, வெறும் தண்ணீர் சேருங்கள். கோடையில் பெரும்பாலும் இதுதான். மட்டம் இறங்கி ஈ.சி.யும் இறங்கியிருந்தால் கரைசல் சேருங்கள். மட்டம் இறங்கியும் ஈ.சி. மாறாமல் இருந்தால் நீங்கள் கலக்கும் அடர்த்தி சரி.

இலை சொல்வதை இப்படிப் படியுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு எட்டவில்லை. இரும்பு போடும் முன் பி.எச். பாருங்கள், 7-ஐத் தாண்டியிருக்கும். அதே அடையாளம் அடியிலுள்ள முதிர்ந்த இலையில் என்றால் மெக்னீசியம். லெட்யூஸின் உள்ளிலை ஓரம் கருகினால் தொட்டியில் கால்சியம் இல்லை என்று அர்த்தமில்லை. காற்றோட்டம் இல்லாததால் அந்த இலை நீராவி விடவில்லை, நீரோட்டத்தோடு போகும் கால்சியம் அங்கே போகவில்லை. கரைசலின் அடர்த்தியைக் குறைத்து, செடிகளைத் தள்ளி வையுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மதியம் செடி வாடினால் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் வெயில்தான், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். பழுப்பாகி, வழவழத்து, இழுத்தால் மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். மருந்து தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அந்தச் செடியை எடுத்தெறிந்துவிட்டுத் தண்ணீர்ச் சூட்டைக் குறையுங்கள்.

கிராட்கி தவிர மற்றவற்றில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுக்க மாற்றுங்கள். பழையதை முருங்கைக்கோ வாழைக்கோ மண்ணில் ஊற்றலாம். ஒரு பயிர் முடிந்ததும் தொட்டி, கப், டியூப் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீட்டு பிளீச் கரைசல் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவிட்டு அடுத்த நாற்றை வையுங்கள். பாஸ்பாரிக் அமிலம் பட்ட பாத்திரத்தில் பிளீச் ஊற்றக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அதற்கென்று தனிக் குவளை வைத்துக்கொள்ளுங்கள்.